கையளவு மூடுபனி

நாகிக்கு வேலை, ஜன்னல்களை அளப்பது. ஜப்பானில், மத்சுயே ஊரில், ஷின்ஜி ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற திரைச்சீலைக் கடையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. யாராவது புதுவீடு போனால் முதலில் அங்கே நுழைகிறவள் அவள்தான். இன்னும் யாருடைய வாசமும் ஏறாத அறையில் அளவு நாடாவோடு நிற்பாள். அகலம், உயரம், கம்பியிலிருந்து தரைவரை. எழுதிக்கொண்ட பிறகும் உடனே கிளம்பிவிட மாட்டாள். சீலை இல்லாத ஜன்னல் வழியே வெயில் தரையில் வந்து படுத்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். கடை முதலாளி இதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

"காகெயாமா சான், ஜன்னலை அளந்தாப் போதும். வெயிலை எல்லாம் அளந்துட்டு வர வேணாம்" என்றார் ஒருநாள், அவள் குடும்பப் பெயரைச் சொல்லி. கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அன்று முழுக்க நாகிக்குக் காது சுட்டது.

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பா ஏரியில் மட்டி அள்ளுகிறவர். அம்மா கினுயோவுக்குக் கரையில் மட்டி பிரிக்கும் கொட்டகையில் வேலை. மகள் ஒகயாமாவுக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தாள். படித்தது மனசில் தங்கவில்லை. தங்கியது வேறொன்று. ஒரு மழைநாளில், நூலகத்தில், கணினிக்கு மூன்று நான்கு வரி எழுதினால் அது வட்டம் வரையும் என்று யாரோ இணையத்தில் போட்டிருந்ததைப் பார்த்து எழுதிப் பார்த்தாள். வட்டம் வந்தது. பிறகு, "இந்த இடத்தில்" என்று இருந்த வரியை "எந்த இடத்திலாவது" என்று மாற்றினாள். ஒவ்வொரு தடவை ஓடவிட்டபோதும் வட்டம் ஒவ்வொரு மூலையில் போய் உட்கார்ந்தது, நமக்குத் தெரியாத ஏதோ காரணம் அதற்கு இருப்பதுபோல. வெளியே மழை நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஒரு சின்னப் படம். வேலைக்குப் போகும் பஸ்ஸில், போனிலேயே நிரல் எழுதுவாள். போனிலேயே ஓடவிட்டுப் பார்ப்பாள். அலை, புல், உதிரும் இலை, எதுவும் இல்லாத வெறும் கோடுகள். வீட்டில் இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "போன்லயே கெடக்கா" என்பதுதான் கினுயோவுக்குத் தெரிந்த விவரம்.

ஊரில் இப்படி இன்னும் சிலர் இருந்தார்கள். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஆவோதோவின் பட்டறை மாடியில் சனிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். முடிதிருத்தும் கடையில் வேலை செய்யும் மதோகா வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி வருவாள். உலகம் முழுக்க இந்தக் கூட்டத்தாருக்குள் எழுதி வைக்காத சில வழக்கங்கள் உண்டு. அவற்றை ஆவோதோ கோயில் ஆசாரம் மாதிரி காப்பாற்றினார். படத்தை மட்டும் காட்டக் கூடாது. படத்தை வரைகிற நிரலையே பொதுவில் வைக்க வேண்டும். பார்க்க வருகிறவர் திரையில் அது அப்போதுதான் பிறந்து வளர வேண்டும். அடுத்தவர் நிரலை எடுத்து மாற்றலாம். மாற்றினால் முதல் வரியில் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். பிறந்து வந்த படத்தைக் கையால் தொட்டுத் திருத்தக் கூடாது. பிடிக்கவில்லையா, நிரலை மாற்றிவிட்டு மறுபடி ஓடவிடு.

சில வருடங்களுக்கு முன்னால் இந்தப் படங்களுக்கு ஒரு காலம் வந்தது. எந்தெந்த ஊரிலோ இருந்தவர்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். மதோகாகூடக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடலாமா என்று யோசித்தாள். வந்த வேகத்திலேயே அது வடிந்தும் போயிற்று. இந்த வசந்தத்தில், அவர்கள் படங்களை விற்பனைக்கு வைத்திருந்த இணையதளமே கடையைக் கட்டியது. பட்டறை மாடியில் பாதி நாற்காலிகள் காலி. போதாக்குறைக்கு ஏஐ வேறு வந்து சேர்ந்தது. தானாகப் பிறக்கும் கலை என்று இவர்கள் இத்தனை காலம் தங்களுக்கு வைத்திருந்த பெயரையே அது எடுத்து மாட்டிக்கொண்டது.

"இது ஏஐ வரைஞ்சதா?" என்று திரைச்சீலைக் கடையில் கேட்டார்கள்.

"இல்ல, நான் எழுதின நிரல்."

"அப்ப நீ வரைஞ்சதா?"

"நான் வரையல. நிரல் வரைஞ்சது."

"அப்ப நீ என்னதான் பண்ணினே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி பஸ்ஸில் அவளோடு ஏறிக்கொண்டது. விதி எழுதுகிறேன். ஓடவிடுகிறேன். வருவதில் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்கிறேன். இதில் என்னுடையது எது? கரையில் கிடக்கும் கல்லில் ஒன்றைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்து வருகிறவள் சிற்பியா?

மூடுபனியை எழுத ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். இலையுதிர்காலத்தில் விடியும்போது ஷின்ஜி ஏரி இருக்காது. அதன் இடத்தில் ஒரு வெண்மை இருக்கும். அதற்குள் மட்டிப் படகுகளின் மோட்டார் சத்தம் மட்டும் நடமாடும். நாகி அதைச் சின்னச் சின்னச் சாம்பல் கீற்றுகளாக எழுதினாள். கீற்று எங்கே விழ வேண்டும், எவ்வளவு நீளம், எவ்வளவு கறுப்பு என்பதற்கெல்லாம் கணினி ஒவ்வொரு தடவையும் தாயக்கட்டை உருட்டும். பக்கத்தில் ஏற்கெனவே விழுந்த கீற்றைக் கண்டால் புதியது கொஞ்சம் ஒதுங்கி நிற்கும், அல்லது நெருங்கும். அவ்வளவுதான் விதி.

தாயக்கட்டைக்கும் ஒரு கடிவாளம் உண்டு. ஆரம்பத்தில் ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுக்கு எப்போதும் ஒரே வரிசையில்தான் கட்டைகள் விழும். அந்த எண்ணை இவர்கள் விதை என்பார்கள். அதே விதையைப் போட்டால் அதே பனி. விதையை மாற்றினால் வேறு பனி. நாகி காலைகளில் விதை மாற்றி விதை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ வருவதாகச் சொன்ன வழியைப் பார்ப்பதுபோல.

ஒருநாள் காலை, மட்டி போட்ட மிசோ சாற்றைக் குடித்துக்கொண்டே போனை மேசைமேல் வைத்திருந்தாள். திரையில் பனி மெல்லக் கூடிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை எடுக்கக் குனிந்த கினுயோ, குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"ஏய், இது அப்பா படகுல்ல?"

"எதும்மா?"

"இந்தா, இங்க. கறுப்பா நிக்குதே. இடப்பக்கம் சாய்ஞ்சுக்கிட்டு. உங்கப்பா ஒருத்தர்தான் மட்டி வாருற வாரியை அந்தப் பக்கமா போட்டுக்கிட்டு நிப்பாரு. மத்தவங்க படகெல்லாம் நேரா நிக்கும், இவரு படகு மட்டும் காது கேக்காதவன் மாதிரி சாய்ஞ்சுக்கிட்டு நிக்கும்."

நாகி பார்த்தாள். கீற்றுகள் ஒன்றையொன்று நெருங்கி, பனியின் நடுவில் கறுத்த ஒரு திட்டு. அதன் நடுவில் செங்குத்தாக ஒன்று. ஆள். அம்மா சொன்ன பிறகு அது படகைத் தவிர வேறொன்றாக ஆக மறுத்தது.

"நீயா பண்ணினே இதை?"

"ம்... ஆமா. ஒரு மாதிரி."

"அது என்ன ஒரு மாதிரி? பண்ணினேன்னு சொல்லேன்டி. அத்தனை வருஷம் படிக்க வெச்சதுக்கு இன்னிக்குத்தான் எனக்கு ஏதோ புரியுது."

நாகியின் படங்களில் ஒன்றைக் கினுயோ நின்று பார்த்தது அதுவே முதல் தடவை. அதைத் தன் போனின் முகப்பில் வைத்துத் தரச் சொன்னாள். நாகி திரையைப் படமெடுத்து அனுப்பினாள். அன்று சாயங்காலத்துக்குள் கொட்டகையில் மட்டி பிரிக்கிற எல்லோரும் அதைப் பார்த்தாயிற்று. நாகி தன் கூட்டத்தாரின் வழக்கப்படி நிரலை விதையோடு பொதுவில் வைத்தாள். "படகு" என்று தலைப்புக் கொடுத்தாள். எங்கெங்கிருந்தோ பாராட்டுகள் வந்தன. போர்ச்சுகலில் இருந்த ஒருவர் "அந்த மரம் மனதை என்னவோ செய்கிறது" என்று எழுதியிருந்தார். மரமா? கண்ணில் ஏதோ கோளாறு போல, பாவம், என்று நாகி நினைத்துக்கொண்டாள்.

கூட்டத்தின் ஆண்டு விழா இந்த வருடம் ஏரிக்கரையில் பழைய ஐஸ் கிடங்கில் நடப்பதாக இருந்தது. கிடங்கின் உட்சுவர் ஒரு பள்ளிக்கூடத்தின் முகப்பு அளவு இருக்கும். அந்தச் சுவர் முழுக்க ஒவ்வொருவர் படமும் சிறிது நேரம் ஓடும். ஆவோதோ நாகியிடம் "படகு" வேண்டும் என்று கேட்டார். நாகி வீட்டில் சொன்னாள். சொன்னதுதான் தப்பு.

"ஞாயித்துக்கிழமையா? நாங்க எல்லாரும் வர்றோம்" என்றாள் கினுயோ. "கொட்டகை மொத்தமும். உங்கப்பா வேன் ஓட்டுவாரு. அவரு படகை அவரே வந்து பாக்கட்டும். சுவரளவு பெருசான்னு கேட்டா எங்கூட மட்டி பிரிக்கிற அந்த நோசு. ஆமா, சுவரளவுன்னு சொல்லிட்டேன்."

விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது, மத்தியானம், கிடங்கின் கதவுகளைச் சாத்திவிட்டு ஒத்திகை பார்த்தார்கள். இருட்டில் ப்ரொஜெக்டர் ஒளி சுவரில் விழுந்தது. ஆவோதோ நிரலைத் திறந்து விதையைப் போட்டார். பனி கூட ஆரம்பித்தது. சுவர் முழுக்க, கூரையிலிருந்து தரைவரை, மெல்ல மெல்ல. அவ்வளவு அழகாக இருந்தது. பிறகு படகு வர வேண்டிய நேரம் வந்தது.

படகு வரவில்லை.

"விதை சரியா?" என்றாள்.

"நீ குடுத்ததுதான்." மறுபடி போட்டார். அதே பனி. படகு இல்லை.

நாகி தன் போனை எடுத்து ஓடவிட்டாள். படகு வந்தது, சாய்ந்துகொண்டு. மதோகா தன் போனை எடுத்தாள். "எனக்குக் கொக்கு மாதிரி ஏதோ வருதே." ஆவோதோவின் பழைய டேப்லட்டில் எதுவுமே இல்லை, பனி மட்டும்.

நாகி நிரலின் முதல் வரியைப் பார்த்தாள். எந்தத் திரையில் ஓடுகிறாயோ, அதன் அகலம் உன் அகலம். அந்த ஒரு வரி போதும். சீட்டுக்கட்டை எத்தனை ஒழுங்காகக் கலைத்து வைத்தாலும், நான்கு பேர் இருந்த ஆட்டத்தில் ஐந்தாவது ஆள் வந்து உட்கார்ந்தால் எல்லார் கையிலும் வேறு சீட்டு. அகலமான திரை என்றால் முதல் வரிசைக்கே அதிகக் கீற்று. அதிகக் கீற்றுக்கு அதிகத் தாயம். அதோடு கட்டைகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. விதை ஒன்று, பனி திரைக்குத் திரை வேறு. படகு அவள் போனின் அகலத்தில் மட்டும்தான் இருந்தது. அப்படியானால் போர்ச்சுகல்காரர் மரத்தைத்தான் பார்த்திருக்கிறார். பாராட்டின ஒவ்வொருவரும் அவரவர் கையிலிருந்த பனியைப் பாராட்டியிருக்கிறார். படகைப் பார்த்தவர்கள், அவளும் அம்மாவும், அம்மா காட்டியவர்களும்தான்.

மதோகா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "ஊர் ஜன்னலை எல்லாம் அளக்கிறவ, தன் படத்தை அளக்காம விட்டிருக்கா! கடையில சொல்லட்டுமா?"

"சிரிக்காதடி. ஞாயித்துக்கிழமை அம்மா கொட்டகையையே கூட்டிட்டு வர்றா."

மதோகா சிரிப்பை நிறுத்தினாள்.

ஆவோதோ, "அளவைப் பூட்டிடு. போன் அளவுலயே வரையட்டும், அதை அப்படியே பெருசாக்கு" என்றார். செய்து பார்த்தார்கள். கீற்று ஒவ்வொன்றும் வாழைத்தார் அளவுக்கு வீங்கிச் சுவரில் தொங்கியது. பனி போய், யாரோ கொட்டிவிட்ட நிலக்கரி வந்தது. நடுவில் படகு இருந்த இடத்தில் ஒரு மைக்கறை. ஆவோதோவே அதை அணைத்தார்.

"சரி, அம்மா போன் முகப்புல இருக்கே, அந்தப் படத்தையே சுவர்ல போட்டுட்டா?" என்றாள் மதோகா.

"ஓடாத படமா?" என்று கேட்ட ஆவோதோவின் முகத்தைப் பார்த்ததும் அவளே, "சரி சரி, சாமி குத்தம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வெளியே வந்ததும் நாகியின் காதருகே வந்து சொன்னாள். "பேசாம நீயே ஒரு படகை எழுதிச் சேத்துடு. அஞ்சாறு வரி. பனிக்கு நடுவுல தானா வந்த மாதிரி. ஆவோதோ சான் நிரலைப் படிச்சா முணுமுணுப்பாரு, முணுமுணுக்கட்டும். உங்கம்மா நிரலா படிக்கப் போறாங்க?"

மறுநாள் விடியலில், அப்பா ஏரிக்குப் போன பிறகு, நாகி சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்து அந்த ஐந்தாறு வரியை எழுதினாள். அடிப்பாகம் ஒரு வளைவு. நடுவில் ஆள். கையில் வாரியின் நீளக் கழி. இடப்பக்கம் சாய்வு, எத்தனை பாகை என்பதுகூட மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஓடவிட்டாள். பனி கூடியது, படகு வந்தது. அது படகு மாதிரியே இருந்தது. அதுதான் அதன் குறை. யாரும் அதைப் பனியில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தானே முன்னால் வந்து நின்று, நான்தான் படகு என்றது.

கினுயோ கொட்டகைக்குக் கிளம்பும் அவசரத்தில் ரப்பர் பூட்ஸை ஒரு காலில் மாட்டியபடி எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு படகு?"

"சும்மா... ஒரு படகு" என்றாள் நாகி.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் கினுயோ, கல்யாண வீட்டில் சாப்பாட்டைச் சொல்வதுபோல. இன்னொரு பூட்ஸை மாட்டினாள். "ஞாயித்துக்கிழமை இதைப் போட்டுடாத. நம்ம படகைப் போடு."

அவள் போன பிறகு நாகி அந்த வரிகளை அழித்தாள். வெளியே பனி. அதற்குள் மோட்டார்கள். எது அப்பாவுடையது என்று சத்தத்தில் கண்டுபிடிக்க முயன்றாள்; முடியவில்லை. நானே செய்த படகை அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை, நான் செய்யாத படகைத் தெரிகிறது. இதற்கு என்ன அர்த்தம்? அப்படியென்றால் நான் செய்தது என்ன? கேள்வி பழையதுதான். ஆனால் இந்தத் தடவை அது குத்தவில்லை. மேசைமேல் பூனை மாதிரி படுத்துக் கிடந்தது.

படகு இருக்கிற இடம் ஒன்றே ஒன்று. அது அவள் கையில் இருந்தது.

அன்று மாலை ஆவோதோவின் பட்டறையில் போனை மேசைமேல் வைத்தாள். "சுவர்ல சுவரோட பனி ஓடட்டும். படகு இல்லாத பனி. அந்தச் சுவத்து மேல இதை ஒட்டிடுறேன். இதுல இதோட பனி ஓடட்டும். ஒரே நிரல், ஒரே விதை. ஒரு எழுத்துகூட மாத்தல."

ஆவோதோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அவ்வளவு பெரிய சுவத்துல இத்தனூண்டு போனா? கூட்டம் தூரத்துல உக்காந்திருக்கும். யாருக்குத் தெரியும்?"

"கிட்ட வந்தாத் தெரியும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா தெரியாது."

ஆவோதோ குனிந்து போனைப் பார்த்தார். படகு அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் அவர் அதைப் பார்த்தது ஒத்திகை நாளில் மட்டும்தான். "சாய்வா நிக்குது" என்றார். பிறகு, "ரெட்டைப் பக்கம் ஒட்டுற டேப்பு நல்லதா என்கிட்ட இருக்கு. நகல் மிஷினைத் தூக்கி ஒட்டினாலும் நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. கொட்டகைப் பெண்கள் இறங்கினார்கள். எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தலைவாரி, பொட்டலம் பொட்டலமாக ஊறுகாயும் சோற்று உருண்டையும் கட்டிக்கொண்டு. அப்பா வேனை நிறுத்தப் போனவர், வெளியே ஏரியைப் பார்த்தபடி நின்றுவிட்டார். நோசு உள்ளே வந்ததும் கழுத்தை அண்ணாந்து சுவரைப் பார்த்தாள்.

"ஆத்தாடி. கினுயோ, உண்மையிலேயே சுவரளவுதான்."

விளக்குகள் அணைந்தன. நாகியின் முறை வந்தது. பனி கூடியது. சுவரில் இடுப்பு உயரத்தில், மட்டி பிரிக்கிற மேசை இருக்கிற உயரத்தில், ஒட்டப்பட்ட போன் கறுத்த புள்ளியாகத் தெரிந்தது. பெண்கள் காத்திருந்தார்கள். பனி மேலும் கூடியது. சோற்று உருண்டையின் காகிதம் சரசரத்தது.

"படகு எங்க?" என்று கேட்டாள் நோசு.

"வரும், இரு" என்றாள் கினுயோ.

"நாங்க தெனம் பாக்கிற பனிதானே இது. இதுக்கா பவுடர் போட்டுட்டு வந்தோம்?"

சிரிப்பு. இருட்டில் அம்மாவின் முகம் நாகிக்குத் தெரிந்தது. கினுயோ சிரிக்கவில்லை. அவள் மகளைத் தேடித் திரும்பினாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த நாகி கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள். கிட்டே போ.

கினுயோ எழுந்தாள். ஒளியின் குறுக்கே நடந்தாள். அவள் நிழல் பனியில் பெரிதாக எழுந்து, அவள் நெருங்க நெருங்கச் சிறுத்து, கடைசியில் அவள் அளவுக்கு வந்தது. பனிக்குள் ஒரு பெண் நிற்கிறாள் என்றுதான் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியது. அவள் குனிந்தாள். குனிந்தபடியே நின்றுவிட்டாள், அன்று சாற்றுக் கிண்ணத்தை எடுக்கக் குனிந்து நின்ற மாதிரியே.

பிறகு திரும்பாமலே கையை ஆட்டினாள். "இங்க வாங்கடி. அங்க உக்காந்துக்கிட்டு என்ன தெரியும்? கிட்ட வாங்க. இருக்காரு இங்க."

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பனி முழுக்க நிழல்களாயிற்று. நீண்ட நிழல், குட்டை நிழல், தலையில் துண்டு கட்டிய நிழல். வரிசையில் நின்று, குனிந்து, பார்த்து, அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். "அட, கோணலா நிக்கிறாரு பாரேன்!" "வாரியை எந்தப் பக்கம் போடுறதுன்னு இன்னும் கத்துக்கல மனுஷன்." ஆவோதோ பின்னால் நின்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்துத் தன் படத்தை ஓடவிட வேண்டியவருடைய நேரம் தாண்டிப் போனது. அந்த ஆளும் வரிசையில்தான் நின்றார்.

நோசுவின் முறை வந்தபோது போன் அடித்தது. படகு மறைந்து, அங்கே திரைச்சீலைக் கடை முதலாளியின் பெயர் ஒளிர்ந்தது.

"ஐயோ, மூழ்கிருச்சு!" என்றாள் நோசு.

கூட்டமே சிரித்தது. நாகி ஓடி வந்து அழைப்பைத் துண்டித்தாள். திரை வெறுமையாக இருந்தது. கினுயோ அவள் தோளைப் பிடித்தாள். "போச்சா? அவ்வளவுதானா?"

"இரும்மா."

நாகி விரலால் ஒரு தட்டு தட்டினாள். முதல் கீற்று விழுந்தது. பிறகு அடுத்தது. பெண்கள் எல்லோரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். மூச்சுக் காற்று கண்ணாடியில் படிந்து மறைந்தது. கீற்றுகள் நெருங்கின, ஒதுங்கின, மறுபடி நெருங்கின. அதே இடத்தில், அதே சாய்வில்.

"வந்துட்டாரு" என்றாள் கினுயோ. மெதுவாகச் சொன்னாள், விடியலில் கரையில் நின்று மோட்டார் சத்தம் கேட்டுச் சொல்வதுபோல. "எத்தனை தடவை போனாலும் வருமா?"

"வரும். இந்தப் போன்ல வரும்."

"அப்ப இந்தப் போனை மாத்தாத." தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு, "நீதானே பண்ணினே?" என்று கேட்டாள்.

நாகி யோசித்தாள். இந்தத் தடவை ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "ஆமாம்மா. நானும்தான்."

கடைசியாக அப்பா உள்ளே வந்தார். யாரோ வெளியே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். பெண்கள் வழிவிட்டார்கள். அவர் நிழல் பனிக்குள் நுழைந்து சுவரருகே நின்றது. ஒரு தோள் தாழ்ந்து, இடப்பக்கமாகச் சாய்ந்து. நோசு அந்த நிழலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் எதற்குச் சிரிப்பை அடக்குகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து, கண்ணைச் சுருக்கி, தன் படகை வெகுநேரம் பார்த்தார்.

"அடியில தண்ணி ஏறியிருக்கு" என்றார். "இறைக்கணும்."